ஒரு தேதியைத் திறந்து பார்த்தால்: விக்கிப்பீடியாவின் நாள் பக்கங்கள் குறித்து ஒரு மதிப்புரை

ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம் என, பெப்ரவரி 29ஐயும் சேர்த்து 366 பக்கங்களை விக்கிப்பீடியா பேணி வருகிறது. ஒரு தேதியைத் தேடினால், அந்நாளில் நிகழ்ந்தவை, பிறந்தவர்கள், இறந்தவர்கள், அந்நாளுக்குரிய விழாக்களும் சிறப்பு நாள்களும் எனப் பகுதி பகுதியாகப் பட்டியல்கள் திறக்கின்றன. தளத்தின் முதற்பக்கத்தில் ‘இன்றைய நாளில்’ என்ற பெட்டியில் அன்றன்றைக்குரிய சில வரிகள் வருகின்றன. கைபேசிச் செயலியிலும் அதற்கென ஓர் அட்டை உண்டு. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, பதிவு செய்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. தேதிவாரியாக வரலாற்றைத் தரும் சேவைகளில் நான் பார்த்தவரை இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் நாள் பக்கத்தின் ஒற்றை வரியைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுபவருக்கு இதன் பயனில் பாதிகூடக் கிடைப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு நிகழ்வு எந்த நாட்காட்டியின்படி, எந்த ஊர்க் கடிகாரத்தின்படி, யாருடைய அறிவிப்பினால் அந்தத் தேதிக்கு வந்து சேர்ந்தது என்ற கணக்கு அந்த வரியில் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த வரி சுட்டும் கட்டுரைக்குள் இருக்கிறது.

இதை மதிப்பிட ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொண்டு துருவுவதே நல்ல வழி என்று கருதி, ஏப்ரல் 23ஐத் தேர்ந்துகொண்டேன். ஆண்டின் 113ஆம் நாளான இது, நெட்டாண்டில் 114ஆம் நாள். அதன் பிறகு ஆண்டு முடிய 252 நாள்கள் இருக்கின்றன. இந்தத் தகவல்தான் ஒவ்வொரு நாள் பக்கத்துக்கும் முதல் வரி. இந்தத் தேதியைத் தேர்ந்ததற்குக் காரணம், தேதி சார்ந்த வரலாற்றில் வரக்கூடிய ஏறத்தாழ எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு நாளில் கூடிக் கிடப்பதுதான்.

முதலில், அனைவரும் அறிந்த செய்தி. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயினின் எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் இறந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. உலகப் புத்தக நாள் இந்தத் தேதியில் அமைந்ததற்கும் இதுவே காரணமாகக் காட்டப்படுகிறது. உண்மையில் அவர்கள் ஒரே நாளில் இறக்கவில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரெகோரி கொண்டுவந்த நாட்காட்டிச் சீர்திருத்தத்தை ஸ்பெயின் 1582இலேயே ஏற்றுக்கொண்டது. அங்கே அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியையே 1752 வரை வைத்திருந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று எண்ணியது. ஆகவே 1616இல் இரு நாடுகளுக்கும் இடையே பத்து நாள் இடைவெளி இருந்தது. ஷேக்ஸ்பியர் இறந்த இங்கிலாந்தின் ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3. செர்வாண்டிசைப் பொறுத்தவரை, ஏப்ரல் 23 என்பது அவரது அடக்கம் பதிவான தேதி. அவர் இறந்தது அதற்கு முந்தைய நாளான 22 என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. இருவருக்கும் பொதுவாக எஞ்சுவது ஏடுகளில் எழுதப்பட்ட ஒரே எண்தான்.

ஷேக்ஸ்பியரின் பிறந்த நாளும் இதே ஏப்ரல் 23 என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆவணத்தில் இருப்பது, 1564 ஏப்ரல் 26 அன்று ஸ்ட்ராட்போர்டு தேவாலயத்தில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது என்ற பதிவு மட்டுமே. குழந்தை பிறந்த சில நாள்களில் திருமுழுக்கு நடந்திருக்கும் என்ற ஊகமும், இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாள் அதே 23 என்பதும், அவர் இறந்த தேதியோடு அது அழகாகப் பொருந்துவதும் சேர்ந்து இந்தப் பிறந்த நாளை உருவாக்கியிருக்கின்றன. அவரைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையைத் திறந்தால் திருமுழுக்குத் தேதி, வழக்கில் உள்ள பிறந்த நாள், பழைய நாட்காட்டியின் கணக்கு ஆகியவை சான்றுகளோடு கிடைக்கின்றன. செர்வாண்டிஸ் கட்டுரையும் ஏப்ரல் 22ஐயே இறந்த தேதியாகத் தருகிறது. நாள் பக்கத்தின் ஒரு வரியிலிருந்து இந்த முழு விளக்கத்துக்கும் செல்ல ஒரு தட்டல் போதும் என்பதே இச்சேவையின் மிகப் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன்.

இந்தத் தேதியில் என்னை மிகவும் ஈர்த்தவை இரண்டு ருஷ்யப் பிறந்த நாள்கள். எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவ் 1899இல், ருஷ்யா அப்போது பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டியின்படி ஏப்ரல் 10 அன்று பிறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு நாட்காட்டிகளுக்கும் இடைவெளி 12 நாள். எனவே புதிய கணக்கில் அது ஏப்ரல் 22. அடுத்த ஆண்டான 1900, ஜூலியன் முறைப்படி நெட்டாண்டு, கிரெகோரியன் முறைப்படி சாதாரண ஆண்டு. அந்த ஒரு பெப்ரவரி 29 காரணமாக இடைவெளி 13 நாளாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் பழைய ஏப்ரல் 10 என்பது புதிய ஏப்ரல் 23 ஆனது. அவரும் பிறந்த நாளை ஏப்ரல் 23 அன்றே கொண்டாடினார். இசையமைப்பாளர் செர்கே புரோக்கோபியேவின் கதை வேறு வகை. தாம் 1891இல் பழைய கணக்கில் ஏப்ரல் 11, அதாவது புதிய கணக்கில் ஏப்ரல் 23 அன்று பிறந்ததாகவே அவர் வாழ்நாள் முழுவதும் நம்பியிருந்தார். அவர் மறைந்த பிறகு கண்டெடுக்கப்பட்ட பிறப்புச் சான்று அதற்கு நான்கு நாள் பிந்திய தேதியைக் காட்டியது. ஒருவருக்கு நாட்காட்டி தேதியை மாற்றியது. மற்றவருக்கு ஓர் ஆவணம் மாற்றியது. இவ்விரு விவரங்களும் அவர்களைப் பற்றிய கட்டுரைகளில் தெளிவாக உள்ளன. நாள் பக்கங்களின் அமைப்பிலோ, பிறந்த ஆண்டு, பெயர், தொழில், இறந்த ஆண்டு என்பதற்கு மேல் எதையும் சொல்ல இடம் இல்லை.

இந்தக் குறுகிய வடிவத்துக்கு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒரு தேதிக்குரிய பக்கம் ஏற்கெனவே நீளமானது. ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சேர்த்தால் எவராலும் அதைப் படிக்க இயலாது. ஆனாலும் ‘பழைய நாட்காட்டி’ என்பதைக் குறிக்கும் ஒரு சிறு அடையாளம், வரியின் ஓரத்தில் இருந்தால் போதும். படிப்பவர் அந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பார். 1582க்கு முந்தைய நிகழ்வுகளை ஜூலியன் தேதியிலேயே தருவது உலக வழக்கம் என்பதால் அங்கே குழப்பம் குறைவு. அயர்லாந்தின் அரசர் பிரையன் போரு கொல்லப்பட்ட குளோண்டார்ப் போர் 1014 ஏப்ரல் 23 அன்று, அந்த ஆண்டின் பெரிய வெள்ளிக்கிழமையில் நடந்தது என்று சொல்லும்போது எல்லாரும் ஒரே கணக்கில்தான் பேசுகிறார்கள். 1582இலிருந்து ருஷ்யா மாறிய 1918 வரையுள்ள மூன்று நூற்றாண்டுகளுக்குத்தான் அந்த அடையாளம் தேவைப்படுகிறது. 1661 ஏப்ரல் 23 அன்று நடந்த இரண்டாம் சார்ல்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாவைப் பற்றிய வரியும் அந்த வகையில் சேரும்.

நாட்காட்டிக்கு அடுத்தது கடிகாரம். யூடியூபில் ஏறிய முதல் காணொளி, அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் நின்று பேசும் 19 வினாடிப் படம். அது 2005 ஏப்ரல் 23 அன்று பதிவேற்றப்பட்டதாகப் பட்டியல்கள் கூறுகின்றன. அமெரிக்கப் பசிபிக் நேரப்படி அன்று இரவு எட்டு மணிக்கு மேல் அது பதிவேறியது. உலகப் பொது நேரப்படி அப்போது ஏப்ரல் 24 பிறந்துவிட்டது. எந்தக் கண்டத்தில் உட்கார்ந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அது இரண்டு பக்கங்களுக்கும் உரிமையுடைய நிகழ்வு. இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு, 1967இல் சோவியத் ஒன்றியம் ஏவிய சோயூஸ் 1. உலகப் பொது நேரப்படி ஏப்ரல் 23 பிறந்து சிறிது நேரத்தில் விளாதிமிர் கொமரோவ் அதில் புறப்பட்டார். அமெரிக்காவில் அப்போது இன்னும் 22ஆம் தேதிதான். மறுநாள், ஏப்ரல் 24 அன்று, கலம் திரும்பி இறங்கும்போது வான்குடை சரிவர விரியாமல் தரையில் மோதி அவர் உயிரிழந்தார். விண்வெளிப் பயணத்தில் உயிர் நீத்த முதல் மனிதர் அவர். நாள் பக்க முறையில் புறப்பாடு ஒரு தேதிக்கும் மரணம் அடுத்த தேதிக்கும் போய்விடுகின்றன. ஏப்ரல் 23ஐ மட்டும் படிப்பவருக்கு அந்தப் பயணத்தின் முடிவு உடனே கண்ணில் படாது. ஒரே நிகழ்வு நள்ளிரவைத் தாண்டும்போது அதை இரண்டாக வெட்டுவது இந்த வடிவத்தின் இயல்பான குறை. இங்கும் கட்டுரைக்குள் நுழைந்தால்தான் அந்தப் பயணம் முழுமையாகத் தெரியவருகிறது.

சிறப்பு நாள்கள் என்ற பகுதி சற்று விரிவாகப் பேசத் தக்கது. இந்த வகைச் சேவையை நாடி வருபவர்களில் பலர் அதற்காகவே வருகிறார்கள். ஏப்ரல் 23இன் தலையாய சிறப்பு நாள் உலகப் புத்தக, பதிப்புரிமை நாள். 1995இல் யுனெஸ்கோவின் பொது மாநாடு இதை அறிவித்தது; செர்வாண்டிஸ், ஷேக்ஸ்பியர் ஆகியோரோடு, இன்கா கார்சிலாசோ தெ லா வேகாவின் நினைவையும் அந்த அறிவிப்பு சேர்த்துக்கொண்டது. தந்தை வழியில் ஸ்பானியப் படைவீரரின் மகனாகவும் தாய் வழியில் இன்கா அரச குலத்தவராகவும் பிறந்த அந்த எழுத்தாளரின் பெயர், மற்ற இருவரின் புகழில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இந்த நாளின் வேர் இன்னும் பழையது. பதிப்பாளர் விசெந்தே கிளாவெல் 1922இல் முன்வைத்த யோசனையின் பேரில் ஸ்பெயினில் 1926இல் புத்தக நாள் தொடங்கியது. அப்போது தேர்ந்த தேதி, செர்வாண்டிஸ் பிறந்த நாளாகக் கருதப்பட்ட அக்டோபர் 7. 1930இல்தான் அது ஏப்ரல் 23க்கு மாற்றப்பட்டது. கட்டலோனியாவில் அதே தேதியில் ஏற்கெனவே புனித ஜார்ஜின் நாள் ரோஜாக்களோடு கொண்டாடப்பட்டு வந்ததால், ரோஜாவும் புத்தகமும் பரிசளித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே உருவாயிற்று. பிரித்தானியாவும் அயர்லாந்தும் தங்கள் உலகப் புத்தக நாளை மார்ச் மாதத்தின் முதல் வியாழக்கிழமைக்கு நகர்த்திக்கொண்டன. ஒரு சிறப்பு நாள் எப்படிப் பிறக்கிறது, எப்படி இடம் மாறுகிறது, எப்படி உள்ளூர்த் திருநாளோடு கலக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இதே தேதியை ஐக்கிய நாடுகள் அவை ஆங்கில மொழி நாளாகவும் ஸ்பானிய மொழி நாளாகவும் வைத்திருக்கிறது. ஸ்பானிய மொழி நாள் முதலில் அக்டோபர் 12இல் இருந்து பின்னர் இங்கே வந்து சேர்ந்தது.

புனித ஜார்ஜின் நாளும் அசையாத நாள் அல்ல. ஏப்ரல் 23 புனித வாரத்திலோ உயிர்த்த ஞாயிறை அடுத்த வாரத்திலோ விழுந்தால் இங்கிலாந்துத் திருச்சபை அதைத் தள்ளி வைக்கிறது. 2000ஆம் ஆண்டில் உயிர்த்த ஞாயிறே ஏப்ரல் 23 அன்று வந்தது. ஜூலியன் கணக்கைப் பேணும் கிழக்குத் திருச்சபைகளுக்கோ அந்தத் திருநாள் இன்றைய மே 6 அன்று வருகிறது.

இதே நாளில் துருக்கி, 1920இல் அங்காராவில் தேசியப் பேரவை கூடியதை நினைவுகூர்ந்து தேசிய இறையாண்மை, குழந்தைகள் நாளைக் கொண்டாடுகிறது. ஜெர்மனியின் பீர் தயாரிப்போர் சங்கம், 1516 ஏப்ரல் 23 அன்று பவேரியாவில் பிறப்பிக்கப்பட்ட, பீரில் பார்லி, ஹாப் பூ, நீர் ஆகிய மூன்று மட்டுமே சேரலாம் என்ற ஆணையை முன்னிட்டு, 1994 முதல் ஜெர்மன் பீர் நாளைக் கடைப்பிடிக்கிறது. உலக மேசைப் பந்தாட்ட நாள் முன்பு ஏப்ரல் 6இல் இருந்தது. அந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஐவர் மாண்டேகு 1904இல் பிறந்த தேதியான ஏப்ரல் 23க்கு அது பின்னர் மாறியது. சிகாகோ நகர மேயர் 2009இல் ‘ஷேக்ஸ்பியரைப் போலப் பேசும் நாள்’ என்று இதை அறிவித்தார்.

விந்தையான நாள்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது, பெயரைக் கேட்டால் எதுவும் விளங்காத ‘படப்புள்ளிக் கறை படிந்த தொழில்நுட்பக் குடியானவர் சர்வதேச நாள்’. 2007இல் அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கத்தின் அப்போதைய துணைத் தலைவர், தம் படைப்புகளை இணையத்தில் இலவசமாக வெளியிடும் எழுத்தாளர்களை அந்தத் தொடரால் கடிந்துரைத்தார். அதைக் கேட்ட சக எழுத்தாளர் ஒருவர், அதே தொடரை ஒரு நாளின் பெயராக்கி, அன்று எல்லாரும் தரமான படைப்பொன்றை இலவசமாக இணையத்தில் இடுவோம் என்று அழைப்பு விடுத்தார். பலர் அவ்வாறே செய்தார்கள். ஒரு வசையைப் பெருமிதமாகத் திருப்பிய அந்தச் செயலுக்குத் தேதி உண்டு, காரணம் உண்டு, தொடங்கியவர் உண்டு. யாரும் அரசாணை பிறப்பிக்கவில்லை என்றாலும் அது முழு வரலாறு உடைய நாள்.

இதற்கு நேர்மாறாக, பல தளங்கள் ஏப்ரல் 23ஐ ‘தேசியச் செர்ரி சீஸ்கேக் நாள்’ என்றும் ‘தேசிய உலா விருந்து நாள்’ என்றும் குறிப்பிடுகின்றன. எந்தத் தேசத்தின் எந்த அவை, எந்த ஆண்டில் இதை அறிவித்தது என்பதற்கு அந்தத் தளங்களில் ஒரு வரியும் இருப்பதில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிக்கொண்டே போகிறது. ‘தேசிய’ என்ற அடைமொழி இருப்பதால் படிப்பவர்கள் அதை அரசு அறிவிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். விக்கிப்பீடியாவின் நாள் பக்கங்கள் இந்த வகை வரிகளை எளிதில் உள்ளே விடுவதில்லை. புதிதாக ஒரு வரியைச் சேர்ப்பவர் அதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற விதி ஆங்கிலப் பதிப்பில் உண்டு. அந்த நிகழ்வுக்கோ நபருக்கோ தனிக் கட்டுரை இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. இந்த வடிகட்டல்தான் இதை மற்றச் சேவைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஆனால் உள்ளே வந்த பிறகு, ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த நாள், ஒரு நாட்டின் அரசு விடுமுறை, திருச்சபையின் திருநாள், வணிகச் சங்கம் ஏற்படுத்திய நாள், தனி மனிதர் ஒருவர் தொடங்கிய நாள் ஆகிய எல்லாம் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அறிவித்தவர் யார் என்ற வகைப்பாடு இருந்தால், பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுத எடுக்கும் ஆசிரியருக்கு அது பேருதவியாக இருக்கும்.

நிகழ்வுகள் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; நன்றாகவே இருக்கிறது. 1985 ஏப்ரல் 23 அன்று கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றி அறிவித்ததும், மக்களின் எதிர்ப்பால் ஜூலை மாதமே பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவந்ததும் போன்ற நிகழ்வுகளை அரசர்களின் முடிசூட்டலோடும் போர்களோடும் சேர்த்துப் படிக்கும்போது, ஒரு தேதியின் அகலம் புரிகிறது. பிறந்தவர்கள் பட்டியல்தான் எனக்கு நிறைவு தரவில்லை. குவாண்டம் கொள்கைக்கு வழி திறந்த மாக்ஸ் பிளாங்க் 1858இல் பிறந்த நாள் இது. ஆண்டு வரிசைப்படி முன்னே வந்தாலும், அண்மைக் கால விளையாட்டு வீரர்களும் நடிகர்களும் நிறைந்த நீண்ட பட்டியலில் அத்தகைய ஒருவரின் பெயர் தனித்துத் தெரிவதில்லை. இறந்தவர்கள் பட்டியலில் இந்தச் சிக்கல் குறைவு. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1850இலும், போருக்குச் செல்லும் வழியில் கப்பலில் இறந்த கவிஞர் ரூபர்ட் புரூக் 1915இலும், சத்யஜித் ராய் 1992இலும், ருஷ்யாவின் முதல் அதிபர் போரிஸ் எல்த்சின் 2007இலும் இதே தேதியில் மறைந்தார்கள் என்பதை ஓரிரு நிமிடத்தில் திரட்டிக்கொள்ள முடிகிறது.

மாற்றுச் சேவைகளோடு ஒப்பிடுவதும் கடமை. பிபிசி நிறுவனம் 1950 முதல் 2005 வரையான நிகழ்வுகளுக்கு அமைத்த ‘இந்த நாளில்’ தளம் இன்று புதுப்பிக்கப்படாத காப்பகமாக இருந்தாலும், அந்தந்த நாளின் செய்தியாகவே எழுதப்பட்டிருப்பதால் படிக்கச் சுவையானது. ஆனால் அதன் கால எல்லை குறுகியது. கைபேசிக் கடையில் கிடைக்கும் இலவசச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளை, நிகழ்வு, பிறப்பு, இறப்பு, விழா என்று பிரித்த நாள்வாரித் தரவை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே வைத்திருக்கிறது. அத்தகைய தரவை எடுத்து, இணைப்புகளையும் சான்றுகளையும் வெட்டிவிட்டு, இடையில் விளம்பரங்களைச் சொருகித் தருவதே பல செயலிகளின் வேலையாக இருக்கிறது. நான் வைத்திருந்த ஒரு செயலி ஏப்ரல் 23 காலையில், ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் ஒரே வேளையில் இறந்தார்கள் என்ற அறிவிப்பை அனுப்பியது. மேலும் படிக்க இணைப்பு எதுவும் அதில் இல்லை. வரியிலிருந்து கட்டுரைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டால் மிஞ்சுவது துணுக்கு மட்டுமே.

தமிழ் விக்கிப்பீடியாவின் நாள் பக்கங்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கட்டுக்கோப்பான முதல் வரி, நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள், சிறப்பு நாள் என்ற தெளிவான பிரிவுகள், ஆங்கிலப் பக்கத்தில் இடம்பெறாத தமிழ் ஆளுமைகளைத் தேடிச் சேர்க்கும் உழைப்பு ஆகியவை இதன் சிறப்புகள். ஊதியம் எதுவும் பெறாத பயனர்கள் ஆண்டு முழுவதும் முதற்பக்கத்தின் அந்தப் பெட்டியைத் தவறாமல் நிரப்பி வருவதற்கு நான் மனமார நன்றி சொல்வேன். குறை என்றால், கட்டுரைக்குள் சென்று பார்ப்பது என்று மேலே நான் சொன்ன மருந்து இங்கே எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதுதான். ஆங்கிலத்தில் எழுபது இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்க, தமிழில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல்தான் உள்ளன. சில பெயர்களுக்கு இன்னும் கட்டுரை எழுதப்படாததால் அவை சிவப்பு இணைப்பாகவே நிற்கின்றன. வேறு சில கட்டுரைகள் இருந்தாலும், பழைய நாட்காட்டி பற்றிய குறிப்பு வரை போகாத அளவுக்குச் சுருக்கமானவை. அந்த இடங்களில் பக்கத்தின் மொழிப் பட்டியலைத் திறந்து, அதே கட்டுரையை நமக்குத் தெரிந்த வேறொரு மொழியில் பார்ப்பதே வழி. ஒரே தேதியை இரண்டு மூன்று மொழிகளில் திறந்து பார்ப்பது வேறொரு வகையிலும் பயன் தருகிறது: எந்த நிகழ்வு எந்தச் சமூகத்துக்கு முக்கியம் என்பது பட்டியல்களின் வேறுபாட்டிலிருந்தே புலப்படும்.

பயன்படுத்தும் முறை பற்றி ஒரு சொல். நாள் பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் படிப்பதால் எதுவும் நினைவில் நிற்காது. நான் பின்பற்றுவது, ஒரு நாளுக்கு ஒரே வரியைத் தேர்ந்து, அதன் கட்டுரைக்குள் சென்று, தேதியைப் பற்றிய பகுதியை முதலில் படிப்பது. பழைய ஐரோப்பியர் என்றால் அவருடைய நாடு எப்போது நாட்காட்டியை மாற்றியது என்றும், விண்வெளி, இணையம் போன்ற துறை என்றால் தேதி எந்த நேர மண்டலத்தில் குறிக்கப்பட்டது என்றும், சிறப்பு நாள் என்றால் அறிவித்த அமைப்பும் ஆண்டும் எவை என்றும் பார்க்கிறேன். வினாடி வினா நடத்துபவர்களும், பள்ளிகளில் காலைக் கூட்டத்துக்குச் செய்தி தயாரிப்பவர்களும், பத்திரிகைகளில் நாள் பகுதி எழுதுபவர்களும் இந்த அளவு சோதனையைச் செய்தே ஆக வேண்டும். ‘ஒரே நாளில் இருவர்’ என்று தொடங்கும் எந்த வரியையும் அவர்கள் இரு முறை சரிபார்ப்பது நல்லது. உள்ளடக்கத்தை அச்சிலோ பலகையிலோ மறுபடி வெளியிட உரிமம் இடம் தருகிறது; மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதும், மாற்றி எழுதினால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்பதும் நிபந்தனைகள்.

தவறு கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதற்கும் இச்சேவையில் விடை இருக்கிறது. அச்சு நாட்காட்டியிலோ செயலிகளிலோ இது கிடைக்காது. ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதை அழுத்தினால், ஒரு வரியைச் சேர்த்த பயனர் கணக்கையும் சேர்த்த நாளையும் தெரிந்துகொள்ளலாம். சிறிய திருத்தம் என்றால் ‘தொகு’ என்பதை அழுத்தி, நம்பத்தகுந்த நூலையோ ஆவணத்தையோ மேற்கோளாகத் தந்து நாமே மாற்றலாம். செர்வாண்டிஸ் தேதியைப் போல அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள இடத்தில், உரையாடல் பக்கத்தில் முதலில் எழுதி, எந்தத் தேதியை எந்தச் சான்றின் பேரில் வைப்பது என்று மற்றப் பயனர்களின் கருத்தைக் கேட்டுவிட்டுச் செய்வது முறை. இரண்டு தேதிகளுக்கும் வலுவான சான்று இருந்தால், ஒன்றை நீக்காமல், கட்டுரையில் இரண்டையும் வைத்து, நாள் பக்கத்தில் பெரும்பான்மையோர் ஏற்கும் தேதியை மட்டும் வைப்பதே என் விருப்பம்.